வேலிக்கு அப்பாலிருந்து வந்த நாலாவது வரி

சென்ற வருடம் சோளகக் காற்று மணலை வாரி இறைத்த மாதங்களில், கற்பிட்டியில் எங்கள் வீட்டின் பின்னறையில் நான் இத்தா இருந்தேன். கணவர் மவுத்தானால் எங்கள் பெண்கள் நாலு மாதமும் பத்து நாளும் வெளி ஆண்கள் கண்ணில் படாமல் வீட்டோடு இருந்து துக்கம் காப்பார்கள். அதைத்தான் இத்தா என்போம். மார்க்கம் சொன்னது அவ்வளவுதான். ஆனால் என் மதினி, அதாவது கணவரின் அக்கா, தன் பங்குக்கு இன்னும் கொஞ்சம் சேர்த்து வைத்திருந்தார். "வானத்தப் பாக்கப்படாது புள்ள" என்றார். அது எந்தக் கிதாபில் இருக்கிறது என்று கேட்க வாய் வரைக்கும் வந்தது. அவரும் தம்பியைப் பறிகொடுத்தவர்தானே என்று அடங்கிப் போனேன். ஜன்னலுக்குத் தடித்த திரை போட்டாயிற்று.

நாற்பதாம் நாள் கத்தம் ஓதி முடியும்வரை வீடு கொள்ளாத ஆட்கள். பந்தலைக் கழற்றிய கையோடு ஆட்களும் கழன்றுவிட்டார்கள். மதுரங்குளியில் கட்டிக்கொடுத்த மகள், பிள்ளைகளின் பள்ளிக்கூடத்துக்காகத் திரும்பிப் போனாள். மகன் கட்டார் நாட்டில் வேலை. மதினி சாப்பாட்டைக் கொண்டுவந்து வைப்பார், கொஞ்சம் அழுவார், போய்விடுவார்.

நான் கதைக்காமல் இருக்கத் தெரியாத ஆள். வெங்காயம் வாங்கக் கடைக்குப் போனால் ஊர்க் கதை முழுவதையும் கதைத்துவிட்டுத்தான் வருவேன். "போன காரியத்த விட்டுட்டு வாய மட்டும் கொண்டு வந்திரிக்கிறியா?" என்று என் கணவர் பகிடி பண்ணுவார். அந்தப் பகிடியும் போன பிறகு, என் வாய்க்கு வேலையே இல்லாமல் போனது.

இதில் என்னை அதிகம் வதைத்தது பக்கத்து வீடு. எங்களுக்கும் அவர்களுக்கும் நடுவில் ஒரு தகர வேலிதான். யுத்த காலத்தில் வன்னியிலிருந்து வந்த வேதக்காரக் குடும்பம். புருசன் கண்டக்குழியில் படகுக்குப் போகிறவர். முன்பெல்லாம் அவர் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டே சத்தமாகக் கதைப்பதும், அந்தப் பெண் மாலையில் மாதா பாட்டுப் படிப்பதும், ரேடியோ அலறுவதும் எங்கள் வீட்டுக்குள் நன்றாகக் கேட்கும். என் கணவரின் ஜனாஸா எடுத்து அடக்கிய நாளோடு எல்லாம் நின்றுவிட்டது. அந்தப் பெண் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. சாவு விழுந்த வீடென்று ஒதுங்கிவிட்டார்கள் என்று நினைத்துக்கொண்டேன். எனக்குக் கோபம் கோபமாக வந்தது. வேலிக்கு அந்தப் பக்கம் நின்று ஒரு வார்த்தை கதைத்தால் என்ன குறைந்துவிடும்?

தொழுதேன், ஓதினேன். அந்த நேரங்களில் மனம் ஆறியது. ஆனால் பாயைச் சுருட்டி வைத்ததும் வீடு மறுபடி என் மேல் வந்து உட்கார்ந்துகொள்ளும். சோறு இறங்கவில்லை. ஒரு நாள் மகளோடு தொலைபேசியில் கதைக்கும்போது என் குரல் எனக்கே யாரோ ஒருத்தியுடையதாகக் கேட்டது. இத்தா முடிவதற்குள் எனக்குப் புத்தி பேதலித்துவிடும் என்று மெய்யாகவே பயந்தேன்.

அப்படியொரு பின்னேரம், அஸர் தொழுகை நேரத்தில், பின்கதவின் இடுக்கால் ஒரு குட்டி நண்டு குசினிக்குள், அடுப்படி வரைக்கும் வந்தது. அதைத் தும்புத்தடியால் தள்ளப் போனவள் அப்படியே நின்றுவிட்டேன். சின்ன வகுப்பில் படித்த பாட்டு ஒன்று எங்கிருந்தோ நாக்குக்கு வந்திருந்தது.

மன்னாரில் நான் சிறுபிள்ளையாக இருந்தபோது அரசாங்கப் பாடப்புத்தகத்தில் இருந்த பாட்டு அது. நாங்கள் அதை எல்லோருமாகச் சேர்ந்து படிப்பதில்லை. முதல் வரியை எங்கள் வரிசை சொல்லும், இரண்டாவதை எதிர் வரிசை சொல்லும். மூன்றாவது எங்களுக்கு, நாலாவது அவர்களுக்கு. மேசையில் தட்டித் தட்டி, யார் பெரிய சத்தம் என்று போட்டி. பிறகு யுத்தத்தில் விரட்டப்பட்டு ஊரைவிட்டு வெளிக்கிட்டபோது கையில் இருந்த எதையும் கொண்டுவர முடியவில்லை. வாயில் இருந்த பாட்டை யார் பறிக்க முடியும்? ஆனால் அது அரைகுறையாகத்தான் வந்திருக்கிறது என்பது அன்றுதான் தெரிந்தது.

வாசல் தன்னை அலையடைக்கும்
வருந்தவில்லை சின்ன நண்டு
வளையைத் தோண்டி மண்ணைத் தள்ளி…

அதோடு நின்றுவிட்டது. நாலாவது வரி எதிர் வரிசைக்கு உரியது. நான் ஒரு நாளும் அதைச் சொன்னதில்லை. எங்கள் வரியைக் கத்தி முடித்து மூச்சு வாங்கும்போது அது தன்பாட்டில் வந்துவிடும். இப்போது எதிரே யாரும் இல்லை.

மண்ணைத் தள்ளிவிட்டு அந்த நண்டு என்ன செய்தது? இது ஒரு பெரிய கேள்வியா என்று நீங்கள் கேட்கலாம். எனக்கு அது பெரிதாகத்தான் இருந்தது. மகனிடம் சொல்லித் தேட வைத்தேன். "உம்மா, ஃபோன்ல எங்கயும் இல்ல. நீங்க முதல்ல சாப்பிடுங்க" என்றான். தொழும் நேரம் போக, படுக்கும்போதும் எழும்பும்போதும் மனதுக்குள் மூன்று வரியையும் சொல்லிச் சொல்லிப் பார்த்தேன். நாலாவது வரவில்லை.

ஒரு பின்னேரம் ஆற்றாமை தாங்காமல், குசினிக் கதவைக் கொஞ்சம் திறந்து வைத்துக்கொண்டு, அந்தக் காலத்து ராகத்தில் சத்தமாகவே சொன்னேன். மதினி கேட்டிருந்தால் அவருக்கு நெஞ்சு வலி வந்திருக்கும். மூன்றாவது வரியைக் கத்தி முடித்து மூச்சு வாங்கினேன்.

"வந்து நிற்கும் வானம் கண்டு."

தகர வேலிக்கு அப்பாலிருந்து வந்தது. அதே ராகம், அதே இழுவை.

நிலையைப் பிடித்துக்கொண்டு, "ஆரது?" என்றேன்.

பக்கத்து வீட்டுப் பெண் மெதுவாகச் சொன்னாள்: "நான்தான் அக்கா. தெரியாமல் வாயில வந்திட்டுது. குறை நினையாதேங்கோ. எங்கட பள்ளிக்கூடத்திலயும் இப்பிடித்தான் படிக்கிறது. நான் எதிர் வரிசை."

"நீ இவ்வளவு நாளும் எங்க தங்கச்சி போனாய்?" என்று கேட்டேன். கோபமாகக் கேட்கத்தான் நினைத்தேன், அழுகையாக வந்தது.

அவள் பதறிப் போனாள். "ஐயோ அக்கா, இத்தாவில இருக்கிற ஆளோட வெளி ஆக்கள் கதைக்கக்கூடாது, சத்தம்கூடக் காதில விழக்கூடாதெண்டு ஊராக்கள் சொன்னவை. நான் ரேடியோவ நிப்பாட்டினன். இவரையும் வலையக் கொண்டு கடற்கரையில போய்ப் பொத்தச் சொன்னனான். பாட்டும் படிக்கிறேல்ல."

நான் ஒதுக்கல் என்று எண்ணிப் பொருமிய அமைதி முழுவதும், எனக்காக அந்த வீடு வாயைப் பொத்திக்கொண்டிருந்த அமைதி. கேட்டிருந்தால் ஒரு நிமிடத்தில் தீர்ந்திருக்கும். நானும் கேட்கவில்லை, அவளும் கேட்கவில்லை.

"ஆம்பிளையளுக்குத்தான் தங்கச்சி தடை. நீ தாராளமா வரலாம்" என்றேன். அவள் வேலியைச் சுற்றி ஓடி வந்தாள். அவள் முன்னால் இருந்து அன்று ஒரு கோப்பை சோறு சாப்பிட்டேன். அதன் பிறகு இத்தா முடியும்வரை பின்னேரங்களில் அவள் வருவாள். வர முடியாத நாளில் நான் முதல் வரியைச் சொல்வேன், வேலிக்கு அப்பாலிருந்து இரண்டாவது வரும். மாதா பாட்டும் மறுபடி கேட்கத் தொடங்கியது.

இத்தா முடிந்த காலையில், மதினியே என் கையைப் பிடித்து முற்றத்துக்குக் கூட்டி வந்தார். அண்ணாந்து பார்த்தேன். காற்றில் கழுவி விட்டது போல வானம். எனக்கு அந்த நண்டு ஞாபகம் வந்து சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

தனிமை போய்விட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். என் கணவர் உட்காரும் கதிரை இன்னும் அதே இடத்தில்தான் இருக்கிறது. சில பின்னேரங்களில் அதைப் பார்க்கவே முடியாது. அப்போதெல்லாம் குசினிக் கதவைத் திறந்து வைத்து முதல் வரியை உரத்துச் சொல்கிறேன். மனதுக்குள்ளேயே சொல்லிக்கொண்டிருந்தவரை, தகர வேலிக்கு அப்பால் இருந்தவளுக்குக்கூட அது கேட்கவில்லையே.