பதினேழு கிலோ கூடை

மட்டாஞ்சேரியில் ஒரு சுக்குக் கிடங்கு. அங்கே தராசுக்கும் லினக்ஸ் கணினிக்கும் நடுவில் ஒரு சீரியல் ஒயர். பொத்தானை அமுக்கினால் எடை முழுக் கிலோ எண்ணாகக் கணினிக்குப் போகும். கிடைத்தது என்று கணினி பதில் அனுப்பினால் தராசில் பச்சை விளக்கு எரியும்; பதில் வராவிட்டால் சிவப்பு. அந்தப் புரோகிராமை எழுதிய மேதை நான்தான்.

முதல் வாரமே தகராறு. திடீரென்று சிவப்பு விளக்கு எரிந்து எல்லாம் நின்றுவிடும். போர்ட்டைத் திறக்க அனுமதி இருக்கிறதா, இரண்டு பக்கமும் வேகம் ஒன்றுதானா, வேறு புரோகிராம் எதுவும் நடுவில் புகுந்து பிடித்துக்கொள்கிறதா, எல்லாம் பார்த்தேன். ஒயரையும் மாற்றினேன். இருபது கிலோ எடைக்கல்லை வைத்துச் சோதித்தால் சனியன் ஒழுங்காக ஓடும். கடுப்பில் முதலாளியிடம், "பொத்தானைச் சரியா அமுக்கலபோல" என்று சொல்லித் தொலைத்தேன்.

பொத்தானை அமுக்குவது ஒரு சேச்சி; பல தலைமுறையாகக் கொச்சியிலேயே இருக்கும் தமிழ்க் குடும்பம். பன்னிரண்டு வருடம் தரையில் குந்திச் சுக்குப் பொறுக்கி, தூசியில் இருமி இருமி, அப்புறம்தான் அந்தத் தராசு நாற்காலி கிடைத்தது. என் பேச்சைக் கேட்டு முதலாளி, திங்கட்கிழமையிலிருந்து மறுபடி பொறுக்கப் போகச் சொல்லிவிட்டார்.

சனிக்கிழமை நான் போனபோது சேச்சி திட்டவில்லை. "சாரே, இங்க வாங்க. ஒரு காரியம் காட்டணும்" என்றார். ஒரு கூடையில் கொஞ்சம் கொஞ்சமாகச் சுக்கைப் போட்டுச் சரியாகப் பத்தொன்பது கிலோ ஆக்கி அமுக்கினார். சிவப்பு. அதை இறக்கிவிட்டு வேறொரு கூடையை வைத்து அமுக்கினார்; அதற்கும் சிவப்பு. பிறகு, மூலையில் தனியாக வைத்திருந்த பதினேழு கிலோ கூடையைத் தூக்கி வைத்து அமுக்கினார். பச்சை!

"பத்தொம்பது வெச்சா சாகுது, பதினேழு வெச்சா ஜீவன் வருது. பதினாறு, பதினெட்டு எல்லாம் வெச்சுப் பாத்தாச்சு, ஒண்ணுக்கும் அனங்கல, அசையவே இல்ல. ஆனா இந்த ரெண்டு எடையும் கம்ப்யூட்டர்ல ஏறவே மாட்டேங்குது. முதலாளிகிட்ட சொன்னா சிரிக்கிறாரு."

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. லினக்ஸுக்கு அப்பன் யூனிக்ஸ்; அதன் டெர்மினல் காலத்துப் பழக்கம் அது: பத்தொன்பது என்ற எண் வந்தால் கணினி பதில் அனுப்புவதை நிறுத்தும், பதினேழு வந்தால் தேங்கிக் கிடந்த பதிலை அனுப்பித் தொடரும், அந்த இரண்டு எண்ணையும் விழுங்கிவிடும். அதை அணைக்க ஒரு வரி எழுத வேண்டும். நான் எழுதவில்லை. யூனிக்ஸ் என்ற பெயரையே கேட்டிராத சேச்சி, ஒவ்வொரு கிலோவாக வைத்துப் பார்த்து அதைப் பிடித்துவிட்டார். அடேயப்பா, என்ன மூளை! நான் இன்னும் பத்து ஒயர் மாற்றியிருப்பேன்.

அங்கேயே அந்த வரியை எழுதினேன். பத்தொன்பதுக்குப் பச்சை எரிந்தது. முதலாளியை அழைத்துக் காட்டி, தப்பு என்னுடையது, சேச்சியுடையது இல்லை என்றேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, "சேச்சி இங்கேயே இருக்கட்டும்" என்றார்.

கிளம்பும்போது சேச்சி கேட்டார்: "இதே புரோகிராம் வேற எங்க சாரே போட்டிருக்கு?"

"தோப்பும்படியில, ஒரு மீன் கம்பெனியில."

"அங்க தராசுல ஆரு நிக்கிறது?"

எனக்குத் தெரியவில்லை. சிவப்பு விளக்கு எரிகிறது என்று முந்தின வாரம் அங்கிருந்தும் போன் வந்தது. அவர்களிடமும் நான், "பொத்தானைச் சரியா அமுக்கலபோல" என்றுதான் சொல்லியிருந்தேன்.