ஐஸ் பெட்டியில் விரால்

தடைக்காலம் வந்துவிட்டால் காசிமேட்டில் விசைப்படகுகள் ஒன்றையொன்று உரசிக்கொண்டு நிற்கும். கடலில் மீன்கள் குஞ்சு பொரிக்கட்டும் என்று படகுகளைக் கட்டிப்போடும் கோடை அது. சித்திரை வெயிலில் டீசல் வாடையும் காய்ந்த வலையின் வாடையும் தெருவுக்குள் வந்து உட்கார்ந்துகொள்ளும். படகுக்காரர்கள் பெயின்ட் அடிப்பார்கள், வலையைத் தைப்பார்கள், சீட்டாடுவார்கள், வீட்டுப் பெண்களிடம் திட்டு வாங்குவார்கள். என் அக்காவின் கணவர், படகு ஓட்டுகிறவர், தூண்டிலை எடுத்துக்கொண்டு ஏரிக்குப் போவார். வேறு வேலை பார்க்கும் நானும் லீவு போட்டுவிட்டு அவர் பின்னால் ஏறிக்கொள்வேன்.

கடல்காரன் ஏரிக்குப் போவது ராயபுரத்தில் எங்கள் தெருவுக்குப் பெரிய வேடிக்கை. ஏரி மீன் மண் வாடை அடிக்கும் என்பதை ஜெபத்தைப்போல மனப்பாடம் செய்து வைத்திருக்கிறவர்கள் நாங்கள். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வருகிறவர்கள் எங்களைப் பார்த்து, "இன்னா நைனா, குட்டையில சுறா புடிக்கவா?" என்பார்கள். மாமா பைக்கை உதைப்பார். மூங்கில் கழிகள் என் கையில். கேரியரில் கயிறு போட்டுக் கட்டிய தெர்மாகோல் பெட்டி, அது நிறைய உடைத்த ஐஸ். அந்தப் பெட்டி இல்லாமல் அவர் தண்ணீர்ப் பக்கம் போனதே கிடையாது.

திருவொற்றியூர், மணலி, வரிசை கட்டி நிற்கும் டேங்கர் லாரிகள், தொண்டையில் உரசும் காற்று. மீஞ்சூரும் தாண்டியபின் சட்டென்று ஒரு பச்சை. பிறகு ஏரி. கடலுக்கு எதிர்க்கரை தெரியாது. ஏரிக்குத் தெரியும், அங்கே ஓர் எருமை நின்று நம்மையே பார்க்கும். அலையே இல்லாத அவ்வளவு தண்ணீருக்கு முன்னால் மாமா சொந்தக்காரர் வீட்டுக்குப் புதிதாகப் போனவரைப்போலக் கூச்சத்தோடு உட்கார்ந்திருப்பார். விரல் நீளக் கெண்டை கடித்தால்கூட வலை இழுக்கிற வேகத்தில் இழுப்பார். மீன் தலைக்கு மேலே பறந்து பின்னால் போய் விழும். வருஷம் முழுக்க எனக்குள் ஓடிக்கொண்டிருந்த ஏதோ ஒன்று அந்தக் கரையில்தான் கொஞ்சம் நின்று மூச்சு வாங்கும்.

அக்காவுக்கு வயிற்றில் ஆபரேஷன் நடந்த வருஷமும் தடைக்காலம் வந்தது.

கட்டியை எடுத்துவிட்டார்கள். ஆனால் மருந்து ஏற்றவேண்டும், அதைத் தாங்க உடம்பில் தெம்பு வேண்டும், எப்படியாவது சாப்பிட வையுங்கள் என்றார் டாக்டர். கஞ்சி, இளநீர், பாலில் நனைத்த பிஸ்கட் எல்லாம் அவள் உதடு வரைக்கும் போய் நின்றன. வஞ்சிரத்தில் கத்தி இறங்கும் சத்தத்தை வைத்தே அது இன்றைய மீனா நேற்றைய மீனா என்று சொல்கிறவள், இப்போது பக்கத்து வீட்டில் நெத்திலி வறுத்தால் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பினாள். விரால் சூப் கொடுங்கள், புண் ஆறும் என்று சொல்லாதவர்கள் பாக்கியில்லை. மாமா மார்க்கெட்டில் வாங்கி வந்து வைத்துக் கொடுத்தார். அவள் டம்ளரைத் தொடவில்லை.

ஒரு நாள் காலையில் அவளாகவே பேசினாள்.

"யோவ், ஏரிக்குப் போய் ஒரு விரா புடிச்சினு வா. உசுரோட கொண்டா. நம்ம வூட்டுக்கு உசுரோட ஒரு மீனும் வந்ததில்ல. ஒன்னாச்சும் பாக்குறேன்."

"குடிப்பியா?"

"நீ மொதல்ல புடி."

கேலி செய்யும் அளவுக்கு அவளிடம் குரல் இருந்ததே எங்களுக்குப் போதுமாக இருந்தது. மூடி போட்ட பிளாஸ்டிக் வாளி ஒன்றை மாமா ஹேண்டிலில் மாட்டினார். பழக்கத்தில் ஐஸ் பெட்டியும் ஏறிக்கொண்டது.

தாமரை இலைகளுக்கு நடுவே தவளையைக் கோத்துவிட்டு உட்கார்ந்தோம். வெயில் உச்சிக்கு வந்தது. திடீரென்று தண்ணீர் ஒரு தடவை வாயைத் திறந்து மூடியதுபோல் இருந்தது. மாமா இழுத்தார். முழங்கை நீளம், கறுப்பு, நல்ல விரால். சேற்றில் துள்ளித் துள்ளி அவர் மார்பெல்லாம் அடித்தது. அவர் சிரித்ததை வெகுநாள் கழித்து அப்போதுதான் பார்த்தேன். சிரித்துக்கொண்டே பெட்டியைத் திறந்தார், ஐஸை ஒதுக்கினார், மீனைக் கிடத்தினார், மேலே ஐஸை அள்ளிப் போட்டுத் தட்டினார், மூடிக் கயிறு கட்டினார். முடிச்சுக்கு விரல் வைத்துக் கொடுத்தவன் நான். பிடித்த மீன் ஐஸுக்குள் போகவேண்டும், வெயிலில் கிடந்தால் கெட்டுப்போகும். மீசை முளைக்கும் முன்பே அந்தக் கைகள் கற்றது அதுதான். எனக்கும் அது வேறுவிதமாகத் தோன்றவில்லை.

மணலி வந்தபோது, டேங்கர்களுக்கு நடுவே பிரேக் அடித்தார்.

"மச்சான்" என்றார். ஹேண்டிலில் ஆடிக்கொண்டிருந்த காலி வாளியைப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கும் அப்போதுதான் உறைத்தது.

ஓரமாக நிறுத்திப் பெட்டியைத் திறந்தோம். மீன் விறைத்திருந்தது. டீக்கடையில் வாளி நிறையத் தண்ணீர் வாங்கி, மீனை அதில் விட்டு, வயிற்றைத் தாங்கிப் பிடித்து முன்னும் பின்னும் அசைத்துக்கொண்டே இருந்தார் மாமா, குழந்தையைக் குளிப்பாட்டுகிறவரைப்போல. டீ குடித்துக்கொண்டிருந்த லாரி டிரைவர் ஒருவர், மீனுக்கும் ஒரு டீ சொல்லட்டுமா என்று கேட்டார். மாமா திரும்பவில்லை. செவுள் ஒரு தடவை திறந்ததுபோல் இருந்தது. அது அவர் கை அசைத்ததுதான்.

திருவொற்றியூரில் அலுமினியக் கூடையில் உயிர் விரால் விற்பார்கள், ஒன்று வாங்கிக்கொண்டு போய்விடலாம் என்றேன். வேண்டாம், தூண்டில் கிழித்த வாய் அதற்கு இருக்காது, அவள் பார்த்ததுமே கண்டுபிடித்துவிடுவாள் என்றார்.

செத்த மீனோடுதான் வீட்டுக்குப் போனோம். அக்கா வாளிக்குள் எட்டிப் பார்த்தாள். வெளுத்துப்போன கண்ணைப் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்தாள்.

"ஐஸ்ல போட்டியா?"

மாமா தலையாட்டினார். தையல் போட்ட வயிற்றைக் கையால் அழுத்திக்கொண்டு அவள் சிரிக்க ஆரம்பித்தாள். வலிக்கிறது, சிரிக்க வைக்காதே என்று அவரைத் திட்டிக்கொண்டே சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வந்தது. மாமாவும் தலையைச் சொறிந்தபடி சிரித்தார்.

அவரே மீனைக் கழுவி, மிளகும் பூண்டும் தட்டிப் போட்டு சூப் வைத்தார். அவள் டம்ளரை வாங்கி முழுக்கக் குடித்தாள். மண் வாடையே இல்லையே என்றாள். மாமா காலி டம்ளரை வாங்கிக் கவிழ்த்துப் பார்த்தார். அதைத் தெருவில் யாரிடமாவது சொல்லியாகவேண்டும் அவருக்கு, வெளியே போனார்.

அவர் செருப்புச் சத்தம் ஓய்ந்ததும் அக்கா என் கையைப் பிடித்தாள். நான் சொம்பை எடுப்பதற்குள் குடித்ததெல்லாம் அவள் புடவையிலேயே வந்துவிட்டது. முதுகைத் தடவிக்கொண்டிருந்தேன். எலும்பு எலும்பாகத் தட்டுப்பட்டது.

"மாமாகிட்ட சொல்லாத. மூஞ்சியப் பாத்தியா அதுக்கு?"

சொல்லவில்லை. அந்தத் தடைக்காலம் முடியும்வரை மாமாவும் நானும் ஏரிக்குப் போய்க்கொண்டே இருந்தோம். ஐஸ் பெட்டி வீட்டிலேயே கிடந்தது. விரால் சிக்கிய நாட்களில், வழியில் தண்ணீர் மாற்றி மாற்றி, பள்ளம் வந்தால் பைக்கை உருட்டி, உயிரோடு கொண்டுவந்து, அக்கா படுக்கைக்குப் பக்கத்தில் வைத்திருந்த நீலப் பிளாஸ்டிக் தொட்டியில் விடுவோம். பிறகு சூப். பிறகு மாமா வெளியே போவார், நான் சொம்போடு நிற்பேன். அந்த எதிர்க்கரை, அந்த எருமை, எதுவும் எனக்குப் பிடிக்காமல் போயிற்று. கழியைப் பிடித்துக்கொண்டு, கடிக்காதே, கடிக்காதே என்று தண்ணீருக்குள் இருப்பதிடம் வேண்டிக்கொண்டிருந்தேன். கடித்தால் அவள் இன்னொரு முறை குடிக்கவேண்டும்.

மருந்து ஏற்றும் அளவுக்கு அவள் தேறவேயில்லை. படகுகள் மறுபடி கடலுக்குப் போயின. மழைக்கு முன்பே அக்கா போய்விட்டாள். கல்லறைத் திருநாளுக்குப் பூ வைக்கப் போனபோது மண் இன்னும் புதிதாக இருந்தது.

அடுத்த தடைக்காலத்தில் மாமா ஒரு நாள் கழிகளோடு வந்து வாசலில் நின்றார். மறுக்க முடியவில்லை. கரையில் தூண்டிலை வீசிவிட்டு, தண்ணீரைப் பார்த்தபடியே சொன்னார்:

"சூப்பு அவளுக்கு நிக்கலன்னு எனக்குத் தெரியும்டா. அவ பொடவைய அலசினது நானு."

"அப்புறம் எதுக்கு மாமா வந்துகினே இருந்தோம்?"

"மீனு தொட்டியில சுத்தும்போது எழுந்து ஒக்காருவா. அத்தப் பாக்கத்தான். நீ பாக்கல?"

பார்த்தேன் என்றேன். நான் பார்த்துக்கொண்டிருந்ததெல்லாம் டம்ளரைத்தான். அவள் படுக்கையில் கையூன்றி எழுந்ததையும், தொட்டி விளிம்பில் கன்னத்தை வைத்துக்கொண்டு ஒரு கறுப்பு மீன் சுற்றிச் சுற்றி வருவதைப் பார்த்ததையும், அந்த ஏரிக்கரையில் உட்கார்ந்துகொண்டு, இப்போதுதான் நான் ஒவ்வொன்றாகத் தேடி எடுக்க வேண்டியிருந்தது.

வெயில் ஏறியது. மாமா புதுத் தவளை ஒன்றைக் கோத்து வீசினார். அன்றைக்கு எங்கள் இரண்டு பேருக்கும் எதுவும் கடிக்கவில்லை.