அசோசியேஷன் பொங்கலில் ஓர் அணு

என் மனைவி பள்ளியில் இயற்பியல் நடத்துகிறவள். வீட்டில் மிக்ஸி நின்றுபோனால் அதைச் சரிசெய்ய மாட்டாள். அது ஏன் நின்றது என்று எனக்குப் பாடம் எடுப்பாள். நான் இன்ஷூரன்ஸ் அலுவலகத்தில் கிளெய்ம் பார்க்கிறவன். அணுவைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் அது ரொம்பச் சின்னது என்பதுதான். அந்த அறிவே போதும் என்றுதான் இத்தனை வருஷமாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

அஸ்தினாபுரத்தில் எங்கள் குடியிருப்பில் ஒவ்வொரு பொங்கலுக்கும் விழா நடக்கும். கோலப் போட்டி, உறியடி, சினிமாப் பாட்டுக்கு டான்ஸ், கடைசியில் சாப்பாடு. இந்த முறை கலை நிகழ்ச்சிப் பொறுப்பை என் மனைவியிடம் கொடுத்துவிட்டார்கள். கூட்டத்தில் எழுந்து நின்று, "ஒரு நாடகம் போடலாம். அணுவோட கதை," என்றாள்.

"அணுகுண்டா மேடம்?" என்று யாரோ பயத்தோடு கேட்டார்கள்.

"குண்டு இல்ல. அணு எப்படி இருக்கும்னு கண்டுபிடிச்ச கதை. ஒருத்தர் வந்து இதுதான் அணுன்னு அடிச்சுச் சொல்வாரு. எல்லாரும் நம்புவாங்க. அடுத்தவர் வந்து அவரைக் கவுத்துடுவாரு. இவரை இன்னொருத்தர் வந்து கவுப்பாரு. சீரியல் மாதிரிதான்."

சீரியல் என்றதும் ஒருத்தரும் மறுப்புச் சொல்லவில்லை.

எங்கள் அசோசியேஷன் தலைவர் நல்ல ஆகிருதி உள்ளவர். குரூப் போட்டோவில்கூட நடுவில்தான் நிற்பார். "நான் நடுவுல இருக்கிற மாதிரி ஒரு ரோல் குடும்மா," என்றார். அணுவுக்கு நடுவில் இருப்பது அணுக்கரு. அந்த வேஷம் அவருக்குப் போயிற்று. வசனம் இல்லை, நாற்காலியில் உட்கார்ந்தால் போதும் என்றதும் முகம் மலர்ந்துவிட்டது. என் மனைவி அதோடு நிறுத்தியிருக்கலாம்.

"அணு ஒரு கிரிக்கெட் மைதானம்னு வெச்சுக்கங்க சார். கரு அதுக்கு நடுவுல ஒரு கடுகு."

"என்னைக் கடுகுங்கிறியாம்மா?"

"மைதானத்தோட மொத்த எடையும் அந்தக் கடுகுலதான் சார் இருக்கு!"

பின்னால் உட்கார்ந்திருந்த தலைவரின் மனைவிக்குச் சிரித்த சிரிப்பில் புரை ஏறியது.

அன்று வீட்டுக்கு வந்ததும் என் மனைவி என்னிடம், "நீங்க எலக்ட்ரான்," என்றாள்.

"டயலாக்?"

"கிடையாது. தலைவரைச் சுத்தி ஓடணும்."

எனக்கு முட்டி வலி என்றேன். எலக்ட்ரானுக்கு முட்டி கிடையாது என்றாள். மொட்டை மாடியில் ஒத்திகை. சாக்பீஸால் சின்னதும் பெரியதுமாக வட்டங்கள் வரைந்து, நடுவில் தலைவருக்குப் பதிலாக ஒரு தண்ணீர் கேனை வைத்தாள்.

"இந்த வட்டத்துல ஓடலாம், இல்ல அந்த வட்டத்துல ஓடலாம். ரெண்டுக்கும் இடையில இருக்கவே கூடாது."

"அப்ப அங்கேர்ந்து இங்க எப்படி வர்றது?"

"குதிக்கணும். உள் வட்டத்துக்குக் குதிக்கும்போது டார்ச்சை அடிங்க. அப்ப மிச்சமாகுற சக்திதான் வெளிச்சமா வெளிய போகுது."

"குதிக்கும்போது கொஞ்ச நேரம் இடையிலதானே இருப்பேன்?"

"பெரிய பெரிய ஆளுங்களுக்கே வந்த சந்தேகம் அது. நீங்க குதிங்க," என்றாள். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவள் என்னைப் பாராட்டியது மாதிரி இருந்தது அப்போதுதான். அந்தச் சந்தோஷத்தில் குதித்துத்தான் இடது முட்டியும் போயிற்று.

விழா அன்று சாயங்காலம் எனக்கு உடம்பு முழுக்க அலுமினியத் தாள் சுற்றி, அதன்மேல் கொலுவுக்கு வாங்கிய பேட்டரி சீரியல் பல்பைச் சுற்றிவிட்டாள். லிப்டில் என்னைப் பார்த்த ஒரு நாய்க்குட்டி குரைக்கக்கூட மறந்துவிட்டது.

முதல் கோளாறு கேசரியில். அந்தக் காலத்தில் ஒருவர், அணு என்பது புட்டிங் மாதிரி, அதில் எலக்ட்ரான்கள் திராட்சையாகப் பதிந்திருக்கின்றன என்றாராம். நம்ம ஊருக்குப் புட்டிங் வேண்டாம் என்று என் மனைவி தாம்பாளம் நிறைய கேசரி செய்து முந்திரி பதித்து வைத்திருந்தாள். மேடைக்கு வந்தபோது கேசரி இருந்தது, முந்திரி ஒன்றுகூட இல்லை. மைக்கைப் பிடித்துக்கொண்டு ஒரு கணம் தவித்தவள், "எலக்ட்ரானை எல்லாம் இழந்துவிட்ட அணுவை இப்போது பார்க்கிறீர்கள்," என்று சமாளித்தாள். முன்வரிசையில் நாலைந்து பேர் வாயை மூடியபடி மென்றுகொண்டிருந்தார்கள்.

அடுத்தது தங்கத் தகடு. துகள்களைத் தகட்டின்மேல் வீசினால் பெரும்பாலும் ஊடுருவிப் போய்விடும். எப்போதாவது ஒன்று கருவில் மோதித் திரும்பி வரும். அப்படித்தான் கரு இருப்பதையே கண்டுபிடித்தார்களாம். தங்க நிறக் காகிதத்தை நாடா நாடாவாகக் கிழித்துத் தொங்கவிட்டு, அதன் பின்னால் தலைவரை உட்கார வைத்திருந்தோம். விஞ்ஞானியாக மீசை ஒட்டிக்கொண்டு வந்தவர் இரண்டாவது மாடி அக்கா. காலேஜில் த்ரோபால் ஆடியவர் என்பதை யாரும் யோசிக்கவில்லை. ரப்பர் பந்துகள் தலைவரின் காதோரம் விர்ரென்று போயின. கடைசிப் பந்து அவர் நெற்றியில் பட்டு, காகிதத்தைக் கிழித்துக்கொண்டு திரும்பி, முன்வரிசையில் சிறப்பு விருந்தினர் கையிலிருந்த காபியில் விழுந்தது.

"பாத்தீங்களா! திரும்பி வந்துடுச்சு!" என்று என் மனைவி மைக்கில் கத்தினாள். நிஜமாகவே அவள் கண்ணில் தண்ணீர்.

"வலிக்குதும்மா," என்றது அணுக்கரு.

பிறகு என் முறை. ஓடினேன், குதித்தேன், டார்ச் அடித்தேன். ஜனங்கள் கைதட்டினார்கள். கடைசிக் காட்சிதான் குவாண்டம். எலக்ட்ரான் வட்டப் பாதையில் எல்லாம் ஓடுவதில்லை, அது ஒரு மேகம் மாதிரி, இன்ன இடத்தில் இருக்கிறது என்று முன்கூட்டியே சொல்ல முடியாது. இதற்காகக் கல்யாண மண்டபங்களுக்குப் புகை மெஷின் வாடகைக்கு விடும் ஒருவரை வரவழைத்திருந்தாள்.

"கம்மியா வுடவா, ஃபுல்லா வுடவாக்கா?" என்று கேட்டார்.

"எலக்ட்ரான் எங்க இருக்குன்னே தெரியக் கூடாது."

"அப்ப பேஜாரே இல்ல. ஃபுல்லா வுட்றேன்."

விட்டார். முதலில் தலைவர் மறைந்தார். பிறகு மேடை மறைந்தது. பிறகு என் கையே எனக்குத் தெரியவில்லை. ஏற்கெனவே ஓடி ஓடித் தலை சுற்றிக்கொண்டிருந்தது. காற்றுக்காக எந்தப் பக்கமோ நடந்தேன். படியில் இறங்கினேன், செடியை மிதித்தேன், ஏதோ கேட் கம்பி கையில் பட்டது, தள்ளினேன். புகை விலகியபோது நான் இன்னொரு மேடைக்கு எதிரில் நின்றிருந்தேன். பக்கத்து அப்பார்ட்மென்ட்டிலும் பொங்கல் விழா. மாறுவேடப் போட்டி நடந்துகொண்டிருந்தது.

"அடுத்து யாரு? வாங்க சார், வாங்க," என்று தொகுப்பாளர் பெண் என்னைக் கையைப் பிடித்து ஏற்றிவிட்டாள். "என்ன வேஷம் போட்டிருக்கீங்க?"

"எலக்ட்ரான்," என்றேன் மூச்சு வாங்க.

"எலக்ட்ரீஷியன்! சூப்பர்! லைட்டெல்லாம் போட்டு வந்திருக்காரு பாருங்க!"

கீழேயிருந்து ஒருவர், "அண்ணா, அப்படியே அந்த ஸ்பீக்கரைக் கொஞ்சம் பாருங்களேன். சாயங்காலத்துலேர்ந்து கரகரன்னு கீது," என்றார். மறுத்துப் பேச மூச்சு இல்லை. போய் ஒயரை ஓர் ஆட்டு ஆட்டினேன். கரகரப்பு நின்றுவிட்டது. அங்கே எழுந்த கைதட்டல் மாதிரி எங்கள் அலுவலகத்தில் யாருக்கும் விழுந்ததில்லை. ஆறுதல் பரிசாக ஒரு டிபன் கேரியர் கொடுத்தார்கள்.

அந்த நேரத்தில் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து என் மனைவியின் குரல் கணீரென்று கேட்டது: "எலக்ட்ரான் இப்ப எங்க இருக்கு? யாராலயும் உறுதியா சொல்ல முடியாது! அதான் விஷயமே!" பிறகு சின்னதாக, மைக்கை மூடிக்கொண்டு, "நிஜமாவே எங்கங்க போனீங்க?" என்றாள். அதுவும் தெளிவாகவே கேட்டது.

கொஞ்ச நேரத்தில் மீசை அக்காவோடு என்னைத் தேடிக்கொண்டு வந்துவிட்டாள். என்னையும் டிபன் கேரியரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"இங்க எப்படி வந்தீங்க?"

"கேட் திறந்திருந்துச்சு. தண்ணி கேன்காரர் வர்ற சின்ன கேட்."

அவள் அந்தக் காம்பவுண்டுச் சுவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். "எலக்ட்ரான் சில சமயம் இப்படித்தாங்க. தாண்டறதுக்குச் சக்தியே இருக்காது. ஆனா பாத்தா சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கும். அதைத்தான் கடைசி சீனா வைக்க ஆசைப்பட்டேன். எப்படிக் காட்டறதுன்னு தெரியாம விட்டுட்டேன்."

"இப்ப காட்டியாச்சே."

"ஆமா." என் கையைப் பிடித்துக்கொண்டாள். "கேட் விஷயத்தை மட்டும் யார்கிட்டயும் சொல்லாதீங்க."

நேராக எங்கள் மேடைக்குப் போய், எலக்ட்ரான் சுவரை ஊடுருவிப் போய்விட்டது என்று அறிவித்தாள். ஆரவாரம் அடங்க வெகுநேரமாயிற்று. சாப்பாட்டுப் பந்தியில் தலைவரின் மனைவி என் பக்கத்தில் வந்து, அலுமினியத் தாளைத் தொட்டுப் பார்த்து, "சுவருக்குள்ள போறப்ப வலிக்கலியா சார்?" என்று அக்கறையோடு கேட்டார்.

"லேசா கூச்சமா இருந்துச்சுங்க," என்றேன்.