பேச்சியம்மனின் சேலை

குற்றாலம் மெயினருவியில் பெண்கள் குளிக்கிற பக்கம் தனி. அந்தப் பக்கம் ஒரு தடவைகூடக் கேமராவைத் திருப்பியதில்லை என்பது இசக்கியப்பனின் பெருமை. பன்னிரண்டு சீசன் அங்கே நின்று, தலையில் எண்ணெய் வழிய அருவிக்குக் கீழே போஸ் கொடுக்கும் ஆண்களைப் படம் எடுத்துப் பிழைத்தவன் அவன். யாரும் கேட்காமலே இதைச் சொல்வான். சுஜிதாவைப் பெண் பார்க்கப் போன வீட்டிலும் சொன்னான். கேசரித் தட்டோடு நின்ற மாமியாருக்கு இந்த நேரத்தில் இந்தப் பேச்சு எதற்கு என்று விளங்கவில்லை. ஆனாலும் பையன் யோக்கியன் என்று பெண்ணைக் கொடுத்தார்கள்.

எல்லார் கையிலும் போன் வந்த பிறகு அருவிப் படம் எடுக்கிற பிழைப்பு படுத்துவிட்டது. இசக்கியப்பன் சோர்ந்து உட்காரவில்லை. தென்காசியில் ஸ்டூடியோ போட்டான், கல்யாணத்துக்குப் போனான், கூடவே புதுசாக ஒரு வித்தையும் படித்துக்கொண்டான். ஒரு தூணை நாலாபுறமும் சுற்றிச் சுற்றி முந்நூறு, நானூறு படம் எடுத்துக் கம்ப்யூட்டரில் போட்டால், அது அந்தத் தூணை அப்படியே திரைக்குள் எழுப்பிக் கொடுக்கும். அதைத் திருப்பலாம், சுற்றி நடக்கலாம், வேண்டுமானால் உடைக்கலாம்.

பெங்களூரில் கேம் செய்கிற கம்பெனி ஒன்று அவனைத் தேடி வந்தது இப்படித்தான். காட்டுக்குள் புதைந்துபோன கோயில்களுக்குள் ஒருவன் கயிறு கட்டி இறங்கிப் புதையல் எடுக்கிற கேம். அதற்கு நிஜமான பழங்கோயில் ஒன்று வேண்டும் என்றார்கள். பெரிய கோயில் என்றால் அனுமதிக்கு அலைய வேண்டும். இசக்கியப்பன் ஒரு ராத்திரி யோசித்தான். வீரகேரளம்புதூருக்கு மேற்கே குளத்துக்கரையில் இருக்கும் தன் குடும்பத்துச் சாஸ்தா கோயில் ஞாபகத்துக்கு வந்தது. நம் கோயில்தானே, யாரைக் கேட்க வேண்டும் என்று நினைத்தான்.

யாரையும் கேட்க வேண்டியதில்லை, சாவியைத் தவிர. சாவி தங்கபுஷ்பம் அத்தையிடம் இருந்தது. அவள் அவனுடைய அப்பாவின் தங்கை. கட்டிக்கொடுத்த இடம் சரிப்படாமல் இருபத்தைந்து வயதிலேயே பிறந்த வீட்டுக்குத் திரும்பி வந்தவள். வாழாமல் வந்தவள் அண்ணன் வீட்டில் நிற்கிற நிலை ஊருக்கெல்லாம் தெரிந்ததுதான். ஆனால் தங்கபுஷ்பத்தை யாரும் ஒரு சொல் சொன்னதில்லை. சாஸ்தாவுக்குப் பக்கத்தில் இருக்கும் பேச்சியம்மனுக்கு வெள்ளிக்கிழமைதோறும் திரை போட்டுச் சேலை மாற்றுகிறவள் அவள். முப்பது வருடமாக அந்தச் சாவி அவள் இடுப்பில்தான் இருந்தது. அவளுக்கு இருந்த மரியாதை அவ்வளவும் அந்தச் சாவியால் வந்தது.

ஆனி மாதம், சாரல் பிடித்திருந்த ஒரு நாள், இசக்கியப்பன் அவளிடம் போய் நின்றான்.

"கோயிலை நல்லா ஒரு படம் எடுத்து வைக்கணும் அத்தை. சாவி தாங்க."

"நான் ஆலங்குளத்துல ஒரு சடங்கு வீட்டுக்குப் போறேம்லே. எடுத்துட்டுப் பூட்டிட்டுக் கொண்டா."

அவ்வளவுதான் பேச்சு. அவளுக்கு அவன்மேல் சந்தேகம் வர எந்தக் காரணமும் இல்லை. அருவியில் பெண்கள் பக்கம் திரும்பாதவன் என்ற கதையை அவளும் நூறு தடவை கேட்டிருக்கிறாள்.

வெளி மண்டபத்தை எடுப்பது லேசாக முடிந்தது. மேகம் போட்டிருந்ததால் நிழலே விழவில்லை, இந்த வேலைக்கு அதைவிட நல்ல வெளிச்சம் கிடையாது. அம்மன் சன்னதிதான் இடித்தது. துணி கூடாது, பூ கூடாது, எண்ணெய்ப் பளபளப்பு கூடாது, வெறும் கல்தான் வேண்டும் என்று கம்பெனிக்காரர்கள் எழுதியிருந்தார்கள்.

இசக்கியப்பன் கொஞ்ச நேரம் நின்றான். வாசலை ஒரு தடவை எட்டிப் பார்த்தான். பிறகு சேலையை அவிழ்த்தான். வெள்ளிக் கண்களை எடுத்து ஓரமாக வைத்தான். வாளித் தண்ணீரும் சீயக்காயும் போட்டு எண்ணெயைத் தேய்த்துக் கழுவி, ஈரம் காய்ந்ததும் மினுக்கம் அடங்குவதற்காகக் குழந்தைகளுக்குப் போடும் பவுடரை மேலெல்லாம் தட்டினான். சுற்றிச் சுற்றி நானூற்றுப் பன்னிரண்டு படம் எடுத்தான். எடுக்கிறபோது அது கல்லாகத்தான் தெரிந்தது. முடிந்து கேமராவை இறக்கியதும் அம்மனாகத் தெரிந்தது. அவசர அவசரமாக வெள்ளிக் கண்களைத் திரும்ப வைத்து, சேலையைச் சுற்றிவிட்டு, கதவைப் பூட்டி, சாவியைக் கொண்டுபோய்க் கொடுத்தான்.

ஒன்றே முக்கால் வருடம் ஒன்றும் நடக்கவில்லை. வந்த பணத்தில் ஒரு நல்ல லென்ஸ் வாங்கினான், விஷயத்தை மறந்தும் போனான்.

பங்குனி உத்திரத்துக்கு அந்தக் குடும்பத்தில் யாரும் வராமல் இருப்பதில்லை. போலீசில் இருப்பவர்கள் லீவு சொல்லி வருவார்கள், பட்டாளத்தில் இருப்பவர்கள் ரயில் ஏறி வருவார்கள். இசக்கியப்பனின் பெரியப்பா மகன் மகாராஜா, பட்டாளத்தில் ஹவில்தார். கோயில் காரியத்தில் அவர் சொன்னால் சொன்னதுதான். அந்த வருடம் பொங்கல் பானைகள் ஏறியதும் அவர் எல்லாரையும் புளியமரத்தடிக்குக் கூப்பிட்டார்.

"இங்கன வாங்க எல்லாரும். கேம்புல பயலுக வெளாடுதானுவன்னு நானும் இந்த கேமை வெளாடுனேன். ஒரு எடத்துல நம்ம கோயில் வருது. அதுக்கு மேல வெளாடாம வச்சிருக்கேன், எல்லாரும் சேந்து பாப்பம்னு."

இசக்கியப்பன் நகர்ந்து போய்விடலாம் என்று பார்த்தான், கூட்டம் விடவில்லை.

போனில் ஒரு தாடிக்காரன் அருவிக்குப் பின்னால் இருக்கும் பாறையைப் பிடித்து ஏறினான். ஏறி முடித்த இடத்தில் மண்டபம் நின்றது. அவர்களுடைய மண்டபமேதான். தாடிக்காரன் தீப்பந்தத்தைத் தூணருகே கொண்டுபோய், இரண்டாயிரம் வருடமாக யாராலும் படிக்க முடியாத எழுத்து இது என்று இங்கிலீஷில் சொன்னான். மகாராஜா தமிழில் எடுத்துச் சொல்லிவிட்டு, தூணைப் பெரிதாக்கிக் காட்டினார். உபயம் வெ. சங்கரபாண்டி, மாவு மில், 1974 என்று இருந்தது.

சிரிப்பு அடங்க வெகுநேரம் ஆனது. சங்கரபாண்டி அவர்களுடைய தாத்தா. அவருடைய எழுத்தை யாராலும் படிக்க முடியாது என்பது வாஸ்தவம் என்று ஒருவர் சொல்ல, தங்கபுஷ்பம் அத்தைகூட வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். இசக்கியப்பனும் சிரித்தான். அந்த எழுத்தை அழித்துக் கொடுக்க மறந்தவன் அவன்தான். இதோடு போய்விட்டால் பேச்சிக்கு ஒரு சேலை சாத்துகிறேன் என்று மனசுக்குள் வேண்டிக்கொண்டான். யாரிடம் எதை வேண்டுகிறோம் என்ற நினைப்புகூட அப்போது அவனுக்கு இல்லை.

தாடிக்காரன் உள்ளே போனான். தீப்பந்த வெளிச்சம் இருட்டில் மெதுவாக மேலே ஏறியது. முதலில் தெரிந்தது தூக்கிப் பிடித்த கை, அதில் ஒரு கால் மூளியான குழந்தை. எத்தனை சேலை சாத்தினாலும் வெளியே தெரிகிற அந்தக் குழந்தையை அவர்கள் எல்லாருக்கும் தெரியும். பிறகு வெளிச்சம் கீழே இறங்கியது.

அந்தக் குடும்பத்தில் அம்மனை அப்படிப் பார்த்தவர்கள் யாரும் கிடையாது. திரை போட்டால் கண்ணைத் தாழ்த்திக்கொண்டு நிற்கிறவர்கள் அவர்கள். ஒரு பெண் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பிறகு எல்லாப் பெண்களும் திருப்பிக்கொண்டார்கள். மகாராஜா பதறிப்போய் எதையோ அழுத்த, தாடிக்காரன் சம்மட்டியை ஓங்கி அம்மன் வயிற்றில் அடித்தான். கல் பிளந்தது. உள்ளே நீலமாக ஒரு ரத்தினம் மின்னியது. கேம் கைதட்டியது.

மகாராஜா தோளில் கிடந்த துண்டை எடுத்துப் போன்மேல் போட்டு மூடினார்.

பொங்கிய பானையை இறக்க ஆளில்லை.

"சன்னதிக்குள்ள எவனோ போயிருக்கான்" என்றார் மகாராஜா. குரல் உயரவில்லை. "சாவி எப்பவும் உங்கள்ட்டதான அத்தை இருக்கு? யார்ட்ட குடுத்திய?"

தங்கபுஷ்பம் நிமிர்ந்து இசக்கியப்பனை ஒரு தடவை பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம் இல்லை. நீ சொல்கிறாயா என்று கேட்டு, அவனுக்காகக் காத்திருந்தது. இசக்கியப்பன் குனிந்து அடுப்பை ஊதினான். எரிகிற அடுப்பைத்தான் ஊதினான். புகை கண்ணில் பட்டதுபோலத் துடைத்துக்கொண்டான்.

"யார்ட்டயும் குடுக்கல" என்றாள் தங்கபுஷ்பம். "நாந்தான் என்னைக்கோ பூட்டாமப் போயிருக்கேன்."

மகாராஜா கையை நீட்டினார். முப்பது வருடமாக இடுப்பில் இருந்த சாவி என்பதால் முடிச்சு சட்டென்று அவிழவில்லை. எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்க, அவள் பல்லால் கடித்து அவிழ்த்துக் கொடுத்தாள்.

மகாராஜா சுற்றிலும் பார்த்தார். "ஏலே இசக்கி, நீதான் பக்கத்துல இருக்க. பொம்பளைப் பிள்ளைய விசயத்துல கண்ணியமானவன். வெள்ளிக்கெழம சுஜிதாவக் கூட்டிட்டு வந்து இனி நீங்க பாத்துக்கிடுங்க."

இசக்கியப்பன் இரண்டு கையாலும் சாவியை வாங்கிக்கொண்டான்.

வெள்ளிக்கிழமை வந்தது. சுஜிதா குளித்து, புதுச் சேலையோடு வந்து திரைக்குள் போனாள். அவன் வெளியே நின்றான். பேச்சிக்கு எட்டுக் கை, மடியில் ஒருத்தி, தலைக்குமேல் பிள்ளை. முந்தானையைத் தோளில் போட்டால் மடிப்பு சரிந்தது, மடிப்பைச் சொருகினால் தோள் நழுவியது. ஒரு மணி நேரம் ஆகியும் திரை விலகவில்லை.

"எனக்கு வரல" என்று உள்ளிருந்து சுஜிதா சொன்னாள். குரல் அழுவதுபோல இருந்தது. "அத்தைட்ட எப்படின்னு கேட்டுட்டு வாங்க. அம்மன் இப்படிப் பாதியில நிக்குதா."

தங்கபுஷ்பம் வீட்டு முற்றத்தில் உளுந்து காயப்போட்டுக்கொண்டிருந்தாள். இடுப்பில் சாவி இருந்த இடத்தைக் கை அடிக்கடி போய்த் தடவியது. அவனைப் பார்த்தும் எழுந்திருக்கவில்லை.

"சேலை கட்ட வரல அத்தை. எப்படின்னு சொன்னா..."

"அன்னைக்கி அவுக்கத் தெரிஞ்சுதுல்லா?"

இசக்கியப்பன் காயப்போட்டிருந்த உளுந்தைப் பார்த்தான்.

"அதுக்கு அடுத்த வெள்ளிக்கெழம திரையப் போட்டுட்டுப் பாக்கேன், முந்தான எடத்தோளு மாறி வலத்தோள்ல கெடக்கு. மேலெல்லாம் பவுடர் மணம். அப்பமே தெரியும்லே எனக்கு. கேக்க நாணமா இருந்துச்சு." உளுந்தைக் கையால் பரப்பிவிட்டாள். "போ. பேச்சி அங்க நிக்குதா. நான் வந்து கட்டிவிட்டுட்டு வந்துருதேன். சாவி உங்கிட்டயே இருக்கட்டும்."

பூமி பிளந்து உள்ளே போய்விட்டால் தேவலை என்று அவனுக்கு இருந்தது. அவள் திட்டியிருந்தால் திருப்பி ஏதாவது சொல்லியிருப்பான். அவளுடைய நாணத்துக்குப் பின்னால் ஒன்றே முக்கால் வருடம் பத்திரமாக ஒளிந்திருந்திருக்கிறோம் என்று தெரிந்தபோதுதான் உடம்பு கூசியது.

கோயிலுக்கு வந்ததும் குளத்துக்கரையில் நின்று குடும்பத்து வாட்ஸ்ஆப் குரூப்பைத் திறந்தான். மூன்று தடவை பேசிப் பதிந்து, மூன்று தடவையும் அழித்தான். பெங்களூர், கம்பெனி, வெளிச்சம் என்று என்னென்னவோ காரணம் வந்து விழுந்தது. நாலாவது தடவை சுருக்கமாகப் பேசினான்.

"நான் இசக்கியப்பன் பேசுதேன். அத்தை பூட்டாமப் போகல. நாந்தான் சாவிய வாங்கி, சேலைய அவுத்துப் படம் எடுத்து வித்தேன். அன்னைக்கி உங்க முன்னால சொல்ல எனக்குத் தைரியம் இல்ல."

கேட்டவர்கள் எண்ணிக்கை ஏறிக்கொண்டே போனது. ஒருவரும் ஒரு வார்த்தை திட்டவில்லை. மத்தியானத்துக்கு மேல் மகாராஜாவிடமிருந்து ஒரே ஒரு வரி வந்தது: அத்தையிடம் சாவியைக் கொடுத்துவிடு.

அதற்குள் தங்கபுஷ்பம் உள்ளே போய்ச் சேலை கட்டி முடித்திருந்தாள். திரை விலகியபோது பேச்சி சிவப்புச் சேலையில் எப்போதும்போல இருந்தாள். எல்லாரிடமும் சொல்லிவிட்டேன் என்று அவன் நீட்டிய சாவியை அத்தை வாங்கி, செம்புத் தண்ணீரில் ஒரு தடவை கழுவி இடுப்பில் முடிந்துகொண்டாள். அவளுக்குக் கோபம் தணிந்துவிட்டதா என்று அவள் முகத்தைப் பார்த்தான். அவள் வேறு எதையோ யோசித்துக்கொண்டிருந்தாள்.

"ஏலே, அந்த போன்ல இன்னும் அவ அப்படியேதான் நிக்குதாளா?"

"ஆமா அத்தை."

"எத்தன பேரு வெளாடுவானுவ?"

"லட்சக்கணக்குல இருக்கும்."

"கம்ப்யூட்டர்ல நீங்க என்னென்னமோ செய்யுதியளே. அதுல அவளுக்கு ஒரு சேலை கட்டிவிட முடியாதா? இத மாதிரி நல்லதுகூட வேண்டாம். சும்மா மேல ஒரு துணி."

கம்பெனிக்கு இதை எழுதிக் கேட்டால் என்ன பதில் வரும் என்று அவனுக்குத் தெரியும். விற்ற படம் விற்றதுதான். ஆனாலும் எழுதுவோமா என்று ஒரு கணம் நினைத்தான்.

"முடியாது அத்தை" என்றான்.

தங்கபுஷ்பம் தலையாட்டினாள். அவிழ்த்துப் போட்டிருந்த பழைய சேலையை எடுத்து உதறி, மடித்து, அக்குளில் இடுக்கிக்கொண்டாள். பிறகு சுஜிதாவைக் கூப்பிட்டு, வீட்டில் போட்டுவிட்டு வந்த உளுந்தை மழைக்கு முன்னால் அள்ள வேண்டும், சீக்கிரம் வா என்றாள்.