கட்கி கோயிலில் அடிபட்ட ஒரு சொல்

போன மாதம் நான் புனே போனது ஊர் சுற்ற அல்ல. என் சித்தி மகன் ஜோயலின் குழந்தைக்குக் கட்கியில் ஞானஸ்நானம், நான்தான் ஞானத்தாய். திரும்பி வந்து பத்து நாள் ஆகியும் கோபம் ஆறவில்லை. ஆறட்டும் என்று காத்திருந்தால் ரயில் நேரமும் ஆட்டோ கட்டணமும் மறந்துவிடும். அதனால் கோபத்தோடேயே எழுதுகிறேன்.

சென்னையிலிருந்து மும்பை ரயிலில் மூன்றாம் வகுப்பு ஏசிக்கு 1,430 ரூபாய். சனிக்கிழமை காலை 9.05க்கு புனே சேர வேண்டியது, 10.20 ஆனது. அங்கிருந்து கட்கி ஆறு கிலோமீட்டர். ஆட்டோக்காரர் வாய் கூசாமல் இருநூறு கேட்டார். லோனாவ்லா லோக்கலில் ஐந்து ரூபாய், கால் மணி நேரம். பெட்டி சிறியதென்றால் யோசிக்காமல் லோக்கலில் ஏறுங்கள்.

ஜோயல் கட்கியிலேயே பிறந்தவன். அவன் தாத்தா வெடிமருந்துத் தொழிற்சாலை வேலைக்காக நெல்லையிலிருந்து வந்தவர். வீட்டில் நெல்லைத் தமிழ் பேசுவான், ஆனால் எழுத்துக்கூட்டித்தான் படிப்பான். லிஃப்ட் மெக்கானிக். அன்று மதியம் நகரின் மறுகோடியில், கோந்த்வாவில், ஒரு வேலை இருந்தது. "சும்மா இருக்கதுக்கு வாரியளா அக்கா, ஊரையும் பாத்துக்கிடலாம்" என்றான். பைக்கில் பதினைந்து கிலோமீட்டர், ஐம்பது நிமிடம். ஊரை எங்கே பார்ப்பது, டிராஃபிக்கைத்தான் பார்த்தேன்.

பதினான்கு மாடிக் கட்டிடம், நின்றுபோன லிஃப்ட். மெஷின் அறை மொட்டை மாடியில். அவன் பையைத் தூக்கிக்கொண்டு படியேறினான். நான் மூன்றாம் மாடியில் தோற்றுத் திரும்பி வந்து காவலாளியின் நாற்காலியில் உட்கார்ந்தேன். கொஞ்ச நேரத்தில் இறங்கி வந்தான், பிரேக் தேய்ந்திருந்ததாம். குடியிருப்பின் மேனேஜர் வந்து, மேலே ஒரு வீட்டில் பூஜை, விருந்தாளிகள் வருகிறார்கள், இப்போதைக்கு ஓட விடு என்று குதித்தார். ஜோயல் குரலை உயர்த்தவில்லை. "நாஹி சர்", முடியாது சார், என்று மட்டும் மராத்தியில் மூன்று முறை சொன்னான். மறுபடி படியேறிப் பிரேக்குக்குப் புது லைனிங் போட்டு முடிக்க 4.20 ஆனது. பிறகு தான் மட்டும் ஏறி, ஆறு தடவை மேலும் கீழும் போய்வந்தான்.

"எதுக்குடா ஆறு தடவை?" என்றேன்.

"மொதல்ல நான் ஏறணும்லா அக்கா. பொறவுதான் மத்தவங்க."

கட்கி தமிழ்ச் சபைக் கோயிலில் ஞாயிறு ஆராதனை காலை 8.30க்கு. அறிவிப்பு நேரத்தில் சபைச் செயலாளர் புதிய சபைக் கையேட்டிலிருந்து குடும்பங்களின் விவரத்தை வாசித்தார். கிறிஸ்தவர் அல்லாத வாசகர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் சபைகளில் ஊழியம் என்றால் பிரசங்கம், ஜெபம், ஞாயிறு பள்ளி. வயிற்றுப்பாட்டுக்குச் செய்வதெல்லாம் வெறும் வேலை. ஜோயலுக்கு இது தெரியாமல் போயிற்று. தமிழில் எழுத வேண்டும் என்ற ஆசையில் கைபேசியில் சொல் தேடி, தொழில் என்ற கட்டத்தில் 'லிஃப்ட் ஊழியர்' என்று எழுதிக் கொடுத்திருந்தான்.

அந்த வரி வந்ததும் செயலாளர் நிறுத்தினார். "நம்ம ஜோயல் லிஃப்ட்ல ஊழியம் செய்யுதாராம். ஆத்துமாக்கள மேல ஏத்துதாரு போல."

கோயிலே சிரித்தது. போதகரும் சிரித்தார். ஜோயல் கையிலிருந்த குழந்தையின் தொப்பியைச் சரிசெய்தான். அது சரியாகத்தான் இருந்தது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. முந்தைய நாள் பதினான்கு மாடிக்காரர்களுக்கும் முன்னால் தன் உயிரை வைத்துப் பார்த்தவனைப் பார்த்து, வாரம் ஒரு மணி நேரம் பெஞ்சில் உட்கார்ந்து எழுகிறவர்கள் சிரிக்கிறார்கள்.

ஞானஸ்நானம் முடிந்து பதிவேட்டில் கையெழுத்துப் போடப் போனோம். சிரித்தது எதற்கென்று புரியாமலே, தகப்பன் தொழில் என்ற இடத்தில் ஜோயல் மறுபடியும் 'ஊழ' வரை எழுதியிருந்தான். போதகர் அதை அடித்து, மேலே 'வேலை' என்று எழுதினார்.

"ஐயா, மின்சார ஊழியர், போக்குவரத்து ஊழியர்னு பேப்பர்ல தினம் வருது. இவன் எழுதுனதுல என்ன தப்பு?" என்றேன்.

"அது உலக வழக்கும்மா. தேவனுக்குச் செய்யுறதுதான் ஊழியம்."

"ஆண்டவரே மனுஷனா வந்து முப்பது வயசு வரைக்கும் தச்சுப் பட்டறையில இருந்தாரே, அப்போ அவரு யாருக்குச் செஞ்சாரு? ஆதி மனுஷன் இருந்த தோட்டத்துல பாவம் வர முன்னாலயே வேலை வந்தாச்சே, அதைக் கொடுத்தது யாரு?"

"விடுங்க அக்கா, பஸ்" என்று ஜோயல் என் கையைப் பிடித்தான். போதும் என்பதை இந்தியில்தான் சொல்ல வந்தது அவனுக்கு.

போதகர் பதிவேட்டை என் பக்கம் திருப்பினார். ஞானத்தாயின் தொழிலுக்கும் அதில் ஒரு கட்டம் இருந்தது. என்னைக் கேட்காமலே நிரப்பி வைத்திருந்தார்: ஊழியம். நான் வாரத்தில் ஆறு நாள் தபால் பிரிப்பவள். ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக் கொடுப்பேன், அவ்வளவுதான். ஞானத்தாய்க்கு வேண்டுமென்று என் சபையிலிருந்து கொண்டுபோன கடிதத்தில் அது இருந்தது. அதற்கு இந்த மரியாதை. அவருடைய பேனாவையே வாங்கி அந்தச் சொல்லைக் குறுக்கே அடித்தேன். 'வேலை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். என் தம்பிக்கு இல்லாத சொல் எனக்கும் வேண்டாம். போதகரின் முகம் சுண்டியது. சுண்டட்டும்.

மாலை ஸ்டேஷனில் ஜோயல் கேட்டான். "நா எழுதுனது தப்பாக்கா? இனிமே இங்கிலீஷ்லயே எழுதிக்கிடுதேன்." வழி நெடுக அடக்கி வைத்திருந்த அழுகை அங்கேதான் வந்தது. "அது ஒண்ணுதாம்ல அங்க சரியான தமிழ்" என்றேன். நம்பினானா என்று தெரியவில்லை.

போகிறவர்களுக்குச் சில குறிப்புகள். ஞாயிறு லோக்கல்கள் குறைவு, நேரம் பார்த்துக் கிளம்புங்கள். கட்கி ஸ்டேஷன் வாசலில் வடாபாவ் இருபது ரூபாய், சூடாக இருக்கும். கோந்த்வாவுக்கு மதிய வெயிலில் பைக் வேண்டாம். எந்த ஊர்ச் சபையில் படிவம் நீட்டினாலும், தொழில் என்ற கட்டத்தில் கூசாமல் ஊழியம் என்று எழுதுங்கள், லிஃப்டானாலும் தபாலானாலும். அடித்தால் மறுபடி எழுதுங்கள். பேனாவைக் கையோடு கொண்டுபோங்கள்.