சிம்னி வீரன் ஸ்டீவனும் சோலார் மானியமும்

சிம்னி உச்சியில் நின்று டீ குடித்ததாக ஸ்டீவன் சொல்லாத இடமில்லை. டீக்கடையில் சொன்னான், ரேஷன் வரிசையில் சொன்னான், ஒரு சாவு வீட்டில்கூடச் சொன்னான். சாதாரண சிம்னியா? வள்ளூர் அனல் மின் நிலையத்துச் சிம்னி. அண்ணாந்து பார்த்தால் கழுத்து சுளுக்கிக்கொள்ளும். வீடு கட்டியபோது மேஸ்திரியிடம், "சிம்னி ஏறுனவனுக்குப் படிக்கட்டு இன்னாத்துக்கு? ஒரு ஏணி போதும்" என்றான். அந்த வீட்டுக்கு இன்றுவரை படிக்கட்டு கிடையாது.

உண்மையைச் சொன்னால் நமக்கே பாவமாக இருக்கும். சிம்னி கட்டிய காலம் முழுக்க அவன் அடியில் உட்கார்ந்து சிமெண்டு மூட்டை எண்ணியவன். ஸ்டூலில் ஏறி பல்பு மாட்டினாலே கண் இருட்டிக்கொண்டு வரும். கூரை ஏறிக் கோழி பிடிக்கத் தெரியாதவன் வானம் ஏறி வைகுண்டம் காட்டிய கதைதான். இது தனக்கும் கர்த்தருக்கும் மட்டுமே தெரியும் என்று பதினைந்து வருஷமாக நிம்மதியாக இருந்தான்.

அந்த நிம்மதியில் மண்ணைப் போட்டது சோலார் மானியம். மனைவி சோனியா தன் சங்கிலியை அடகு வைத்து மொட்டை மாடியில் சோலார் பேனல் போட்டாள். அரசாங்க மானியம் வந்ததும் சங்கிலியை மீட்டுவிடலாம் என்பது அவள் கணக்கு. பேனல் மாட்டிய லோகு கும்மிடிப்பூண்டிக்காரன். வேலை முடிந்த அன்று போனும் கையுமாக வந்து நின்றான்.

"ண்ணா, கரண்ட் கனெக்சன் உங்க பேர்ல கீது. நீங்க பேனலாண்ட நிக்கிற போட்டோ ஏத்துனாதான் மானியம். மேல வாங்க."

ஸ்டீவன் வானத்தைப் பார்த்தான். "இன்னிக்கு காத்து சரியில்லபா."

"இலையே ஆடலியேண்ணா."

"என் ஆதார் கார்ட பேனல் மேல வச்சு எடேன்."

"ஆதார் கார்டு நிக்காதுண்ணா."

"அப்ப ஒரு பேனல கீழ எறக்கு. நானே கட்டிப்புட்சிகினு நிக்கிறேன்."

இதற்குள் சேதி பரவி, ஷிப்டு முடிந்து வந்த கூட்டாளிகள் பத்துப் பன்னிரண்டு பேர் வாசலில் கூடிவிட்டார்கள். சிம்னி வீரன் ஏணி ஏறுவதைப் பார்க்க யாருக்குத்தான் ஆசை இருக்காது? ஒருவன் விசில் அடித்தான். முட்டி வலி என்று சொல்லி ஸ்டீவன் உள்ளே நழுவப் பார்த்தான். நிலைப்படியில் சோனியா நின்றிருந்தாள். அவளுடைய வெறும் கழுத்தைப் பார்த்ததும் அவனுக்கு வெட்கமாகப் போய்விட்டது. திரும்பி வந்து ஏணியைப் பிடித்தான்.

தெரிந்த ஜெபத்தையெல்லாம் சொல்லிக்கொண்டு ஏறினான். ஏழாவது படியில் ஜெபம் தீர்ந்துபோய் வாய்ப்பாடு சொன்னான். மேலே போனதும் பேனலின் காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டான்.

"எந்திரிங்கண்ணா. கண்ண தொறங்கண்ணா. சிரிக்க வேணாம், அழாம இருந்தா போதும்."

ஒரு வழியாகப் படம் எடுத்துக்கொண்டு லோகு இறங்கிவிட்டான். ஸ்டீவனால் இறங்க முடியவில்லை. ஏணி தொடங்கும் இடத்தை எட்டிப் பார்த்துவிட்டு மறுபடி பேனலின் காலைக் கட்டிக்கொண்டான். பத்து நிமிஷம் கழித்து சோனியா விறுவிறுவென்று ஏறி வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"நான் சிம்னி ஏறவே இல்ல மே" என்றான்.

"தெரியும்யா. பொண்ணு பாக்க வந்த அன்னிக்கே தெரியும். எங்கூட்டு மாடிக்கு வரச் சொன்னா, நாலாவது படில குந்திகினு செருப்பு அறுந்துட்ச்சின்ன. உன் கால்ல செருப்பே இல்ல."

"அப்புறம் ஏன் கட்டிகின?"

"தைரியம் எங்கிட்ட கீது. ஊட்டுக்கு ஒருத்தருக்கு இருந்தா பத்தாதா?"

ஸ்டீவனுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்தே வந்தன. கீழேயிருந்து லோகு, "போட்டோ ஏறிட்ச்சிண்ணா!" என்று கத்தினான். உடனே கூட்டத்தில் ஒருவன், "இன்னா ஸ்டீவன், எறங்க பயமா?" என்றான்.

சோனியா அவன் கையை இறுகப் பிடித்துக்கொண்டு, கைப்பிடிச் சுவருக்கு மேல் தலையை நீட்டினாள்.

"பயமா? சிம்னில நின்னவருக்கு இது தரை மாரி! கரண்ட் எவ்ளோ வருதுன்னு பாக்குறாரு, எறங்க நேரமாவும். நீங்க ஊட்டுக்குப் போங்கபா!"