ஜீப்புக்காரர் வீட்டுப் பெரிய கார்

பலாப்பழத்துக்கு சீட் பெல்ட் மாட்டி வண்டி ஓட்டிய ஒரு மனிதரை நான் பார்த்திருக்கிறேன். புதூர்நாட்டிலிருந்து திருப்பத்தூருக்கு இறங்குகிற மலை ரோட்டில், பட்டப்பகலில். முன் சீட்டில் இருபது கிலோ பழம் ஒன்று, அதன் குறுக்கே கறுப்புப் பட்டை, பக்கத்தில் முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டு பிலிப்ராஜ். சீட்டில் கனமாக எதை வைத்தாலும் அந்தக் கார் ஆள் உட்கார்ந்திருப்பதாக நினைத்துக்கொண்டு, பெல்ட் போடு, பெல்ட் போடு என்று கிணுகிணுக்குமாம்.

"இன்னா பண்றது தபாலு? அதுங்கிட்ட யாரு மல்லுக்கு நிக்கிறது? மாட்டி வுட்டேன், வாயை மூடிக்கிச்சு" என்றார்.

தபாலு என்றது என்னை. இருபத்தாறு வருடம் புதூர்நாட்டுத் தபால் நிலையத்தில் வேலை பார்த்தவன் நான். எனக்குப் பெயர் இருக்கிறது. பிலிப்ராஜ் ஒருநாளும் அதைச் சொல்லிக் கூப்பிட்டதில்லை. நானும் கோபித்துக்கொண்டதில்லை. அந்த இருபத்தாறு வருடமும் தபால் பையோடு மலையேறியது அவருடைய ஜீப்பில்தான்.

பிலிப்ராஜ் மலைக்காரர் இல்லை. அடிவாரத்துக் கிறிஸ்தவக் குடும்பம். மிஷன் பள்ளிக்கூடத்துக்கு ஜீப் ஓட்ட வந்தவர், அங்கே விடுதியில் சமையல் வேலை பார்த்த மதலேனாளைக் கட்டிக்கொண்டு இங்கேயே தங்கிவிட்டார். பிறகு சொந்தமாக ஒரு பழைய ஜீப் வாங்கினார். பத்துப் பேர் உட்காரவேண்டிய அதில் இருபத்திரண்டு பேர் போவோம். அது போக, புளி மூட்டை, சாமை மூட்டை, ஆட்டுக்குட்டி. என்ஜின் சத்தத்தில் அவருக்கு ஒரு காது மந்தமாகிவிட்டது. எங்களுக்கு இடுப்பு போய்விட்டது. ஆனால் பிரசவ வலியோ, பாம்புக்கடியோ, எந்த நேரமானாலும் மலையில் முதலில் வாயில் வருகிற பெயர் பிலிப்புதான். மலையில் பாதிப் பிள்ளைகள் அவர் ஜீப்பில் பிறந்தார்கள் என்று சொல்வது கொஞ்சம் அதிகம். மூன்று பேர் பிறந்தார்கள், அது நிஜம். அதில் ஒருத்தி என் பக்கத்து வீட்டுப் பஞ்சாட்சரத்தின் மகள் தமிழ்மணி. ஏழாவது வளைவில் பிறந்தவள். பேச்சு வந்த நாள் முதல் பிலிப்ராஜை மாமா என்றுதான் கூப்பிடுவாள். நீ, வா, போ என்று உரிமையாகத்தான் பேசுவாள்.

மூன்று வருடத்துக்கு முன்னால் ஜீப்பின் ஆயுசு முடிந்தது. இனிமேல் ரோட்டில் ஓடக்கூடாது என்று சொல்லிவிட்டார்கள். பழைய இரும்புக் கடைக்காரன் அதைக் கட்டி இழுத்துப்போன அன்றைக்கு பிலிப்ராஜ் சாப்பிடவில்லை. அதே சமயத்தில் சென்னையில் கம்ப்யூட்டர் கம்பெனியில் இருந்த மகன் பெல்வினுக்குக் கனடாவில் வேலை கிடைத்தது. அவன் ஆசைப்பட்டு வாங்கிய காரைக் கொண்டுவந்து அப்பா வீட்டில் நிறுத்திவிட்டு, "நான் திரும்பி வர்ற வரைக்கும் நீயே ஓட்டுப்பா" என்று சொல்லிவிட்டு விமானம் ஏறிவிட்டான். வெளிநாட்டுக் கார். பெயரைச் சொன்னால் அவர்களுக்கு விளம்பரம், நமக்கென்ன லாபம்? வெள்ளைத் தோல் சீட்டு என்பதை மட்டும் சொல்லிவைக்கிறேன்.

அன்றையிலிருந்து பிலிப்ராஜுக்குப் பிடித்தது சனி.

கார் தரையோடு தரையாகப் படுத்திருக்கும். வேகத்தடை வந்தால் வயிறு தட்டும். எங்கள் மலையில் ஒவ்வொரு ஊருக்கும் ஒரு வேகத்தடை உண்டு, சில ஊர்களில் ஆளுக்கொன்று. ஒவ்வொன்றுக்கும் அவர் இறங்கிக் குனிந்து பார்த்து, மறுபடி ஏறி, கோணலாக வண்டியைத் திருப்பி எறும்பு ஊர்கிற மாதிரி ஏற்றுவார். பின்னால் பஸ்காரன் ஹாரன் அடித்துத் தீர்ப்பான். ரோட்டோரப் புல் காற்றில் ஆடினால்கூட ஏதோ மோதப்போகிறது என்று அது அலறும். டயர் பஞ்சரானால் மாற்றுவதற்கு வேறு டயர் கிடையாது. அதெல்லாம் தேவைப்படாது என்று தயாரித்தவர்கள் முடிவு செய்துவிட்டார்களாம். அவர்கள் புதூர்நாட்டு ரோட்டைப் பார்த்திருந்தால் வேறு மாதிரி யோசித்திருப்பார்கள்.

காருக்காகவே பெல்வின் வீட்டைச் சுற்றிக் காம்பவுண்டு சுவர் எழுப்பி, கம்பி கேட்டும் போட்டுக் கொடுத்திருந்தான். ஆடு உள்ளே வராது. கோழிக்கு கேட்டு ஒரு பொருட்டா? நேரம் காலம் இல்லாமல் மதலேனாள் வளர்க்கும் கோழிகள் காரின் கூரையில் ஏறிக் குதிக்கும். குதித்ததும் கார் ஊரைக் கூட்டும். முதல் மாதம் பிலிப்ராஜ் ஒவ்வொரு தடவையும் வெளியே ஓடிவந்து பார்த்தார். அப்புறம் சாவியைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டார். கத்தினால் படுத்தபடியே பொத்தானை அமுக்குவார், அது அடங்கும், அவர் புரண்டு படுப்பார்.

இதையெல்லாம் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தோம். அவரும் சிரிப்பார். ஆனால் மனதுக்குள் அவருக்கு ஒரே ஒரு குறைதான் இருந்தது. அந்தக் காரில் யாரும் ஏறவில்லை.

நிறுத்துவார். "வா, திருப்பத்தூருதானே?" என்பார். "இல்லீங்க, பஸ்ஸு வந்துரும்" என்பார்கள். "சேறா கீதுங்க காலு" என்பார்கள். வேப்பிலைக் கட்டோடு நிற்கிற பெண்கள் பதிலே சொல்லாமல் வேறு பக்கம் பார்ப்பார்கள். என்னையே எடுத்துக்கொள்ளுங்கள். மழையில் நனைந்து நின்ற ஒரு நாள் எனக்காகக் கதவைத் திறந்துவிட்டார். என் வேட்டியில் முழங்கால் வரை செம்மண். அந்த வெள்ளைச் சீட்டைப் பார்த்தேன். "இங்க ஒருத்தருக்காகக் காத்திருக்கேன்" என்று வாய்கூசாமல் புளுகினேன். ஒருத்தரும் இல்லை என்பது அவருக்கும் தெரியும். கதவைச் சாத்திக்கொண்டு போனார். இப்போது நினைத்தாலும் எனக்கு என்மேல் கோபம் வருகிறது.

"நான் செத்துப்போன மாதிரி ஆயிட்டேன் தபாலு. எவனும் எதுக்கும் கூப்பிட மாட்றான்" என்று ஒருநாள் டீக்கடையில் சொன்னார்.

போன வருடம் ஜூன் மாதம் பஞ்சாட்சரம் பலா மரத்திலிருந்து விழுந்தார். பழம் இறக்க ஏறியவர். கீழே பாறை. கால் எலும்பு முறிந்து தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்துவிட்டது. செல்போனில் சிக்னல் இல்லை. எங்கள் பக்கம் அது வந்தால்தான் அதிசயம். நான்கு பேர் கயிற்றுக் கட்டிலில் தூக்கிக்கொண்டு மெயின் ரோட்டுக்குப் போனார்கள். தமிழ்மணி கட்டிலுக்கு முன்னால் ஓடினாள். ரோட்டோரம் ஒன்றரை மணி நேரம் வெயிலில் கிடந்தார் மனிதர். கடைசியில் பலாப்பழ லோடு ஏற்றிவந்த குட்டியானை வேன் ஒன்று நின்றது. பழங்களை ஒதுக்கி நடுவில் படுக்க வைத்துத் திருப்பத்தூர் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள்.

சாயங்காலம் விடுதி வேலை முடிந்து வீட்டுக்கு வந்த மதலேனாள்தான் பிலிப்ராஜுக்கு விஷயத்தைச் சொன்னாள். அவர் முதலில் கேட்டது, "மெயின் ரோட்டுக்கு எந்த வழியா போனாங்க?" என்றுதான்.

"இன்னா கேள்வி இது? நம்ம வூட்டு வழியாத்தான். வேற வழி ஏது?"

மறுநாள் காலை பஸ்ஸில் நானும் அவரும் ஆஸ்பத்திரிக்குப் போனோம். காரை எடுக்கவில்லை.  வழியெல்லாம் அவர் தாடை அசைந்துகொண்டிருந்தது. வார்டுக்குள் நுழைந்ததும் கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டு கத்திவிட்டார்.

"யோவ் பஞ்சாட்சரம்! என் வூட்டு வாசலைத் தாண்டித்தானே வந்திருக்க? ஒரு குரல் குடுக்கக்கூடாதா? நான் இன்னா செத்தா பூட்டேன்?"

பஞ்சாட்சரம் கட்டுப் போட்ட காலைப் பார்த்தார், பிறகு மகளைப் பார்த்தார். தமிழ்மணி எழுந்து நின்றாள். குரலை உயர்த்தவில்லை.

"குடுத்தோங்க சார். கேட்டு பூட்டி இருந்துச்சு. தொண்டை கிழிய கத்துனேன். நீங்க வரல. கம்பி சந்துல கையை வுட்டு காரைத் தட்டுனேன். அது கத்துச்சு பாருங்க, எனக்கே ஒதறல் எடுத்துச்சு. சரி, இந்த சத்தத்துக்கு எழுந்து வருவீங்கன்னு நின்னோம். கார் லைட்டு ரெண்டு தடவை வெட்டுச்சு. சத்தம் நின்னுபோச்சு. உள்ள இருந்துக்கினே நீங்கதான் நிறுத்துறீங்கன்னு புரிஞ்சுது. அப்புறம் அங்க நின்னு இன்னா பண்றது? போவச் சொல்றாருன்னு நெனச்சிக்கினு வந்துட்டோம்."

நான் பிலிப்ராஜைப் பார்க்கவில்லை. பார்க்க முடியவில்லை. அவர் குரல் மட்டும் வந்தது.

"கோழின்னு நெனச்சேன்டா."

"இன்னாது?" என்றார் பஞ்சாட்சரம்.

"கோழி ஏறி குதிக்குதுன்னு நெனச்சேன். எப்பவும் அதான் குதிக்கும். படுத்துக்கினே அமுக்கிட்டேன்."

பஞ்சாட்சரம் சிரிக்க ஆரம்பித்தார். "யோவ், ஒன்றரை மணி நேரம் ரோட்டுல கெடந்தது ஒரு கோழிக்காகவா?" என்று சிரித்தார், சிரித்ததில் கால் அசைந்து வலி தாங்காமல் அம்மா என்று கத்தினார், கத்திவிட்டு மறுபடி சிரித்தார். அந்த மனிதருக்கு அப்படி ஒரு மனசு. பக்கத்துக் கட்டில்காரர்கள் எல்லாரும் எங்களையே பார்த்தார்கள்.

தமிழ்மணி சிரிக்கவில்லை. டம்ளரை எடுத்துக் கழுவப் போனவள் நின்று சொன்னாள்: "பழைய ஜீப்பா இருந்தா நாங்க உங்கள கேட்டே இருக்க மாட்டோம் சார். அப்பாவ ஏத்திப் படுக்கவெச்சிட்டு அப்புறமாதான் உங்கள எழுப்பியிருப்போம்."

சொல்லிவிட்டுப் போய்விட்டாள். பிலிப்ராஜ் வெளியே வந்து ஆஸ்பத்திரிப் படிக்கட்டில் உட்கார்ந்து, போகிற வருகிறவர்கள் முன்னால் வெட்கப்படாமல் அழுதார். "சாருங்கிறா தபாலு. என் வண்டியில பொறந்த பொண்ணு, என்னை சாருங்கிறா" என்றார்.  பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.

அன்று மலையேறுவதற்கு முன்னால், சிக்னல் கிடைக்கிற திருப்பத்தூரிலிருந்தே மகனுக்குப் போன் போட்டார்.

"அது கத்துறதை ஒரேயடியா நிறுத்தணும். எப்படின்னு சொல்லு."

"அது வண்டியோட பாதுகாப்புக்குப்பா. அதை எடுத்துட்டா எவனாவது..."

"வண்டிக்கு ஒண்ணும் ஆவல. எனக்குத்தான் ஆயிப்போச்சு" என்று வைத்துவிட்டார்.

திருப்பத்தூரில் ரமேஷ் என்கிற எலெக்ட்ரீஷியனிடம் காரை விட்டு, எதையோ பிடுங்கி எடுத்து அந்தச் சத்தத்தை அடக்கினார்கள். கேட்டை அவரே கழற்றி மாட்டுக் கொட்டகைச் சுவரில் சாய்த்துவைத்தார். கோழி கூரையில் குடித்தனமே நடத்தியது. ஆடு உள்ளே வந்து பக்கவாட்டில் உடம்பைத் தேய்த்துக்கொண்டு போயிற்று. கோடு கோடாகக் கீறல். அவர் அதைத் துடைக்கக்கூட இல்லை.

பஞ்சாட்சரம் ஆஸ்பத்திரியில் பதினெட்டு நாள் இருந்தார். பதினெட்டு நாளும் மதலேனாள் கட்டிக் கொடுத்த சாப்பாட்டை எடுத்துக்கொண்டு பிலிப்ராஜ் மலையிறங்கினார். தமிழ்மணி தூக்குச்சட்டியை வாங்கிக்கொள்வாள். கழுவித் திருப்பிக் கொடுப்பாள். "தேங்க்ஸ்ங்க" என்பாள். அதைக் கேட்கும்போதெல்லாம் அவர் முகம் சுருங்கிப்போகும். ஒருநாளாவது திட்டித் தொலைக்கமாட்டாளா என்று என்னிடம் புலம்பினார். திட்டுவதற்கும் ஒரு பாத்தியதை வேண்டுமே.

வீட்டுக்குப் போகலாம் என்று டாக்டர் சொன்னபோது, தமிழ்மணி வாடகைக்கு ஒரு வண்டி பேசலாம் என்றாள். பஞ்சாட்சரம் ஒரே பிடியாக நின்றார். "பிலிப்பு வண்டியிலதான் வருவேன். இல்லாட்டி இங்கேயே கெடக்குறேன்." அவள் பாயைச் சுருட்ட ஆரம்பித்தாள். பத்து மணிக்கு வரச்சொல்லி நான்தான் பிலிப்ராஜுக்குத் தகவல் சொன்னேன்.

பத்து மணிக்கு பஞ்சாட்சரத்தை சக்கர நாற்காலியில் வாசலுக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். நிழல் நகர்ந்துவிட்டது. பத்தரை ஆயிற்று. பதினொன்று ஆயிற்று. தமிழ்மணி ஒரு கையில் பாய், ஒரு கையில் பிளாஸ்டிக் வாளியோடு ரோட்டையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் மூக்கு விடைக்க ஆரம்பித்ததை நான் கவனித்தேன். இந்தத் தடவையும் வரவில்லை என்றால் அந்த மனிதர் தலை நிமிர்த்தி மலையில் நடக்க முடியாது.

பதினொன்றே காலுக்குக் கார் வந்தது. மூன்றாவது வளைவில் ஒரு கல் டயரைப் பதம் பார்த்துவிட்டது. மாற்ற டயர் இல்லை. காற்று இறங்க இறங்க ஊர்ந்தே அடிவாரம் வந்து, ஒரு லாரிக்காரன் காலில் விழாத குறையாகக் கெஞ்சிக் காற்றடித்துக்கொண்டு வந்திருந்தார். இதைச் சொல்லத்தான் வாயைத் திறந்தார். தமிழ்மணி விடவில்லை.

"இன்னா மாமா நீ! பத்து மணிக்கு வர்றேன்னுட்டு இப்பத்தான் வர்றியா? அப்பா எம்மா நேரம் வெயில்ல குந்திக்கினு கீறது? உனக்கு கொஞ்சமாச்சும் அறிவு கீதா?"

வாசலில் நின்ற அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். பிலிப்ராஜ் அசையாமல் நின்றார். 

அவள் பின்கதவைத் தானே இழுத்துத் திறந்தாள். ஈரம் சொட்டுகிற வாளியை வெள்ளைச் சீட்டின் ஓரத்தில் வைத்தாள். பாயை உள்ளே வீசினாள்.

"அங்கியே நின்னுக்கினு இன்னா பாக்குற? வந்து ஒரு பக்கம் தூக்கு."

"வர்றேன்மா" என்றார் பிலிப்ராஜ். கண்ணைத் துடைத்துக்கொண்டு ஓடிப்போய் ஒரு பக்கம் தூக்கினார்.